பரங்கிக் கொடியில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பரங்கிக் கொடியில் ஏதோ சரியில்லை என்றதும் நம்மில் பாதிப் பேர் நேராக உரக்கடைக்குப் போய் "பூசணிக்கு ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி வந்து அடித்துவிடுகிறோம். வேலூர்ப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் வரும் பரங்கிக் கோளாறுகள் பலவும் மருந்தால் தீருகிறவை இல்லை. எந்த மாதம் விதைத்தீர்கள், காலையில் எத்தனை மணிக்குப் பூவைப் போய்ப் பார்த்தீர்கள், இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு கத்தியும், இலையைத் திருப்பிப் பார்க்கிற பொறுமையும் போதும்.

பரங்கி என்று நான் எழுதுவது மஞ்சள் பூசணியை. திருஷ்டிக்கு உடைக்கும் சாம்பல் பூசணி, சுரை, பீர்க்கன் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும், பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கொடியின் அறிகுறிக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

விதை முளைக்கவே இல்லை

நல்ல விதை, சூடான மண் என்றால் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். பத்து நாளாகியும் ஒன்றும் இல்லையென்றால் மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள். விதை கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளமான குழியில் போட்ட விதைக்கு இதுதான் கதி, குழியை மேடாக்கி மறுபடி போடுங்கள். ஓடு மட்டும் கிடந்தால் எலியோ அணிலோ தின்றிருக்கிறது. விதை அப்படியே காய்ந்து கிடந்தால் பழைய விதை, அல்லது ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். ஒரு விரல்கணு ஆழம் போதும். குழிக்கு நாலைந்து விதை போட்டு, முளைத்தபின் திடமான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனசு வராது, தெரியும். ஆனால் ஐந்தையும் விட்டால் ஐந்தும் நோஞ்சானாகத்தான் இருக்கும்.

முளைத்த கையோடு இலை எல்லாம் ஓட்டை

விதையிலை விரிந்ததும் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் அது அநேகமாகச் சிவப்புப் பூசணி வண்டு. ஆரஞ்சு கலந்த சிவப்பில், நீளவாக்கில், கிட்டே போனால் பறந்துவிடும். மத்தியானம் போனால் பிடிக்க முடியாது. விடியற்காலையில் பனி ஈரத்தில் அசமந்தமாக உட்கார்ந்திருக்கும்போது கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அதே ஈரத்தில் விறகடுப்புச் சாம்பலைச் சலித்து இலைமேல் தூவினால் இரண்டு மூன்று நாளைக்கு வண்டு அண்டாது. இன்னும் நல்லது, முதல் மூன்று வாரம் பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மூடிவைப்பது. நாலைந்து இலை வந்துவிட்டால் பிறகு வண்டு தின்றாலும் கொடி தாங்கிக்கொள்ளும்.

இந்த வண்டின் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலே வண்டு நிறையப் பார்த்த தோட்டத்தில் பிறகு கொடி காரணமில்லாமல் வாடினால் இதையும் சந்தேகப்படுங்கள். குழி எடுக்கும்போதே கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்திருந்தால் கொஞ்சம் நிம்மதி.

கொடி மட்டும் ஓடுகிறது, காயைக் காணோம்

"என்னக்கா, கொடி இந்த ஓட்டம் ஓடுது, ஒரு காயக் காணோமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்கிற கட்டம் இது. மூன்று விதமாக இருக்கலாம்.

பூவே இல்லை, இலை கரும்பச்சையாக அகல அகலமாக இருக்கிறது என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. வாரா வாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுபவர்களுக்கும், யூரியா ஒரு கை போட்டவர்களுக்கும் இதுதான் நடக்கும். நிறுத்துங்கள். குழிக்கு இரண்டு கை சாம்பல் போட்டு, தண்ணீரையும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள்.

பூ இருக்கிறது, ஆனால் எல்லாமே நீளமான மெல்லிய காம்பில் நிற்கிறது, பூவுக்கு அடியில் குட்டிக் காய் எதுவும் இல்லை என்றால் அவை ஆண் பூக்கள். விதைத்து ஒன்றரை மாதம் வாக்கில் முதலில் ஆண் பூதான் வரும், பெண் பூ அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான். இதில் கோளாறு ஒன்றும் இல்லை, காத்திருங்கள். முதன்மைக் கொடி ஆறேழு அடி ஓடிய பிறகு நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கொடிகள் கிளம்பும், அவற்றில் பெண் பூ சீக்கிரம் வரும்.

மூன்றாவது, வாரக்கணக்காக ஆண் பூ மட்டுமே வந்துகொண்டிருக்கிறது. இங்கேதான் விதைத்த மாதத்தைக் கேட்க வேண்டும். நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூவைக் கூட்டி, பெண் பூவைக் குறைக்கும். பங்குனி தொடக்கத்தில் விதைத்தால் பூக்கும் நேரம் சரியாக அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சுற்றிலும் பாறை மலை, 40 டிகிரியைத் தாண்டிய பகல்கள், ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளம் சுடும். அந்தச் சூட்டில் வந்த ஒன்றிரண்டு பெண் பூவும் மகரந்தம் வேலை செய்யாமல் உதிர்ந்துவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரங்கிக்குச் சொல்கிற விதைப்புக் காலம் ஜூன்-ஜூலையும் டிசம்பர்-ஜனவரியும்தான், அதாவது ஆடிப் பட்டம் அல்லது மார்கழி-தை. பங்குனியில் போட்டுவிட்டீர்கள் என்றால் பிடுங்க வேண்டாம், நிழல்வலை கட்டி, வேர்ப்பகுதி மண்ணை வைக்கோல், சருகு கொண்டு நன்றாக மூடி (மூடாக்கு) உயிரைப் பிடித்து வையுங்கள். ஆனிக் காற்றும் ஒரு மழையும் வந்தபிறகு பெண் பூ வர வாய்ப்பு இருக்கிறது.

பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி தெளிப்பார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்த 10-15 நாளில் ஆரம்பித்து வாரம் ஒருமுறையாக நாலு தடவை என்பது கழனிக்காரர்களுக்கான பரிந்துரை. இரண்டு கொடி வைத்திருக்கிற வீட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து, கொடி பெரிதான பிறகு தெளித்துப் பயனும் இல்லை.

பிஞ்சு வருகிறது, மஞ்சளாகி விழுந்துவிடுகிறது

அதிகம் புலம்ப வைக்கிற கோளாறு இது. இரண்டு காரணம் மாறி மாறி இதே தோற்றத்தைத் தரும், ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்குத் துளியும் உதவாது. அதனால் விழுந்த பிஞ்சை எறியாதீர்கள், குறுக்கே அறுத்துப் பாருங்கள்.

உள்ளே சுத்தமாக இருக்கிறது, வெறுமே சுருங்கி, பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகியிருக்கிறது என்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது, அல்லது மேல்தோலில் ஊசி குத்தினதுபோல் ஒரு புள்ளியும் அதில் பிசினும் இருக்கிறது என்றால் பழ ஈ.

முதலில் மகரந்தம். பரங்கிப் பூ விடியலில் விரியும், வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். கோடையில் எட்டு மணிக்கே பல பூ வதங்கிவிடுகிறது. ஒரு பூவுக்கு ஒரே காலைதான், மறுநாள் கிடையாது. சத்துவாச்சாரி, காட்பாடி மாதிரி வீடு நெருங்கிவிட்ட இடங்களில் அந்த இரண்டு மணி நேரத்தில் தேனீ வரும் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது. நீங்களே செய்துவிடுங்கள். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் நிற்கிற மஞ்சள் தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் சரி. அதைப் பெண் பூவுக்குள் இருக்கும் முடிச்சு முடிச்சான பகுதியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுத்தால் தப்பில்லை. மூன்று நாலு நாளில் பிஞ்சு பளபளவென்று பருத்துக் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது.

முந்தின நாள் மழையில் பூவுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த மகரந்தம் உதவாது. மழை வரும் போல் இருந்தால் மறுநாள் விரியப் போகிற மொட்டுகளை (நுனி மஞ்சள் காட்டும்) சாயங்காலமே ஒரு பாலித்தீன் உறையால் தளர்வாக மூடிவையுங்கள்.

சுரைக்கும் பீர்க்கனுக்கும் இந்த நேரக்கணக்கு தலைகீழ். அவை சாயங்காலம் பூக்கிறவை, இருட்டும் நேரத்தில்தான் தடவ வேண்டும். காலையில் எழுந்து சுரைப் பூவைத் தேடி, வாடிப்போய்விட்டது என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. சாம்பல் பூசணி பரங்கியைப் போலக் காலைக் கணக்குத்தான்.

இன்னொன்று. மார்கழியில் வாசல் கோலத்தின் சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப் பூ பறிக்கிறவர்கள் அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று பார்த்துப் பறியுங்கள். ஆண் பூ பறிப்பதில் நஷ்டமே இல்லை, இரண்டு மூன்றைத் தடவுவதற்கு விட்டுவைத்தால் போதும். பக்கத்துத் தெருக் குழந்தைகள் இருட்டோடு வந்து பறித்துப் போவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இனி பழ ஈ. பிஞ்சின் இளந்தோலில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, ஓரிரு வாரத்தில் மறுபடி ஈயாகி வரும். உள்ளே இருக்கிற புழுவுக்கு மேலே அடிக்கிற எந்த மருந்தும் எட்டாது, வேப்பெண்ணெய் உள்பட. செய்ய வேண்டியவை: மகரந்தம் தடவிய மறுநாளே பிஞ்சைத் துணிப் பையிலோ இரண்டு மடிப்புச் செய்தித்தாளிலோ மூடிக் கட்டிவிடுவது, தோல் கெட்டிப்பட்டதும் எடுத்துவிடலாம். விழுந்த பிஞ்சு ஒவ்வொன்றையும் பொறுக்கி பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுவது. தயவுசெய்து உரக்குழியில் போடாதீர்கள், அது ஈக்குப் பண்ணை வைத்துத் தருகிற வேலை. கொடிக்கு அடி மண்ணை அவ்வப்போது மேலாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், எறும்பும் தின்னும்.

பொறி வாங்கினால் ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரரிடம் மிச்சமிருந்த பொறியை வாங்கி வந்து பரங்கிக்குக் கட்டிவிட்டு, ஈ விழவில்லை என்பார்கள். மாமர ஈக்கு வைப்பது மெத்தில் யூஜினால். பூசணிக் குடும்பத்து ஈ வேறு இனம், அது வருவது கியூ லூர் என்ற கவர்ச்சிப் பொருளுக்கு. ரெண்டும் பார்க்க ஒரே டப்பாதான், கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதில் ஆண் ஈ மட்டுமே சிக்கும் என்பதால் பொறியை நம்பிப் பை கட்டுவதை விட்டுவிடாதீர்கள். வருஷா வருஷம் இதே தொல்லை என்றால் அடுத்த முறை ரகத்தை மாற்றிப் பாருங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி பழ ஈயைத் தாங்குகிற ரகம், காய் ஒரு கிலோ அளவுதான், சின்னக் குடும்பத்துக்கு அதுவே வசதி.

அறுத்துப் பார்த்தால் புழுவும் இல்லை, மகரந்தமும் ஒழுங்காகத் தடவினீர்கள், ஆனாலும் விழுகிறது என்றால் கொடியில் ஏற்கெனவே எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று பெரிய காய் முற்றிக்கொண்டிருக்கும்போது கொடி தானாகவே புதுப் பிஞ்சைக் கழித்துவிடும். மாடியில் சின்னப் பையில் வைத்த கொடி ஒரே காயோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

மத்தியானம் துவண்டு விழுகிறது

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமே செய்ய வேண்டாம், அகல இலை உச்சி வெயிலில் அப்படித்தான் தொங்கும். பதறி மத்தியானமே தண்ணீர் ஊற்றுவதுதான் வினை, அதனால் வேர் அழுகும்.

காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலை. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர், அவ்வளவே. ஈரமாக இருந்தும் வாடுகிறது என்றால் வேரில் கோளாறு. மோசமான ஒரு கொடியைத் தியாகம் செய்து பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. வேர் பழுப்பாகி அழுகியிருந்தால் வாடல் நோய். இரண்டுக்கும் அந்தக் கொடியைக் காப்பாற்ற வழியில்லை, அடுத்ததற்குத்தான் பார்க்க வேண்டும். நூற்புழு இருக்கிற மண்ணில் தக்காளி, கத்தரியும் பாதிக்கப்படும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள் கத்தரி என்றாலும் விதிவிலக்கு இல்லை, கத்தரி எடுத்த குழியில் உடனே பரங்கி வைக்காதீர்கள். ஒரு பட்டம் செண்டுமல்லி போட்டு, வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரமும் இட்டுப் பிறகு வையுங்கள்.

யூடியூபில் அமெரிக்கக் காணொளி பார்த்துவிட்டுத் தண்டைக் கீறிப் புழுவைத் தேடுகிறார்கள் சிலர். அங்கே கொடித் தண்டைக் குடைகிற அந்தப் பூச்சி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது, நம் ஊரில் தண்டைக் கீறினால் கீறிய காயம்தான் மிஞ்சும்.

இலையில் வெள்ளை

விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் சாம்பல் நோய். ஒட்டவில்லை, நரம்பு சேரும் இடங்களில் மட்டும் வெள்ளித் திட்டு இருக்கிறது என்றால் அது அந்த ரகத்தின் நிறம், பிறவியிலேயே அப்படி. வெள்ளைக் கோடு பென்சில் கிறுக்கலாக நெளிந்து ஓடினால் இலை துளைப்பான். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும்.

சாம்பல் நோய் பகல் காய்ச்சலும் ராத்திரிப் பனியுமாக இருக்கிற தை, மாசியில் வரும். அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் விட்டு, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை. ஆரம்பத்தில் கேட்கும், முழுக்கப் பரவியபின் கேட்காது. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது, இலை கருகிவிடும். காய் முற்றுகிற கட்டத்தில் பழைய இலையில் வந்தால் நான் கண்டுகொள்வதே இல்லை.

நரம்புக்கு நடுவில் கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு, அடியில் சாம்பல் ஊதாப் பூஞ்சை என்றால் அடிச்சாம்பல் நோய், அது மழைக்காலச் சமாசாரம். இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்குகிறது

நரம்பு மஞ்சளாகி, புது இலை சிறுத்துச் சுருண்டால் வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இரக்கம் பார்த்தால் பக்கத்துக் கொடியும் போகும். மற்றவற்றைக் காக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்தில் இலை அடியில் படும்படி தெளியுங்கள். காலையில் தெளித்தால் தேனீயை விரட்டுவீர்கள், வெயிலில் இலையும் வேகும்.

இலை ஓரம் மட்டும் கருகுகிறது

மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அப்படியானால் தண்ணீர்தான். பாலாற்றுப் படுகை நெடுக, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் பரங்கி பிழைக்கும், ஆனால் நோஞ்சானாக இருக்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் உப்பை மேலே சேர்க்கும். இடைவெளி விட்டு, அடி வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். மழைநீர் பிடித்து வைத்தால் அதைக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், தண்ணீர்ப் பரிசோதனை பற்றி விசாரியுங்கள்.

காய் நின்றது, ஆனால் வெடிக்கிறது, அடி அழுகுகிறது

நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் வெடிக்கும். தண்ணீரை ஒரே சீராக்குங்கள். மண்ணில் படுகிற பக்கம் அழுகினால் காய்க்கு அடியில் வைக்கோலோ உடைந்த ஓடோ வையுங்கள். பூ நுனிப் பக்கம் கருத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்துக் குறை, அதற்கும் மூலகாரணம் பெரும்பாலும் சீரற்ற தண்ணீர்தான்.

காய் கசக்கிறது

துப்பிவிடுங்கள், சமைத்தாலும் கசப்பு போகாது, அது உடம்புக்குக் கெடுதல், சுரைக்காயில் இன்னும் ஆபத்து. நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய காயின் விதையைப் போட்டு முளைத்த கொடியில் காய் வேறு மாதிரி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது வீரிய ஒட்டு ரகமாகவோ வேறு பூவோடு கலந்ததாகவோ இருக்கலாம். விதைக்கு எடுக்கிற காய்க்கு ஆண், பெண் மொட்டு இரண்டையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துத் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும்.

பறித்து வைத்த காய் ஒரே மாதத்தில் அழுகுகிறது

முற்றாமல் பறித்திருக்கிறீர்கள், அல்லது காம்பை ஒட்ட ஒடித்திருக்கிறீர்கள். காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆகி, நகம் அழுத்தினால் தோலில் இறங்காத பதம் வரட்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்துக்கு 175-180 நாள் ஆகும், ஆடித் தொடக்கத்தில் விதைத்தது பொங்கல் கூட்டுக்குச் சரியாக வந்து சேரும். கோ 2 என்றால் 135 நாள். கத்தியால் இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து, பத்து நாள் காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டுப் பிறகு உள்ளே எடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். அப்படி ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள்.